கிறிஸ்தவக் கல்லூரியும் மாணவர் வளர்ச்சியின் அளவுகோலும்

மாணவரின் அறிவோடு ஒழுக்கத்தையும் இறைநம்பிக்கையையும் பிறர்மீது கொள்ளும் அக்கறையையும் வளர்ப்பதே தன் நோக்கம் என்று ஒரு கிறிஸ்தவக் கல்லூரி அறிவிக்குமாயின், அவ்வளர்ச்சி நிகழ்ந்ததா என்பதை எதைக்கொண்டு அறிவது என்னும் கேள்விக்கும் அது விடை சொல்லியாக வேண்டும்.

இக்கேள்வி தமிழ்நாட்டில் நெடுநாளாக இருந்து வருவது. 1862இல் சென்னைக்கு வந்து, பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய வில்லியம் மில்லர், ஞானஸ்நானம் பெற்றோரின் எண்ணிக்கையைக்கொண்டு கல்லூரியின் பயனைக் கணக்கிடும் போக்கை ஏற்கவில்லை. கிறிஸ்தவச் சிந்தனை சமுதாயம் முழுவதிலும் மெல்லப் பரவ வழிசெய்வதே உயர்கல்வியின் பணி என்று அவர் வாதிட்டார். அக்கல்லூரியில் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டை மறுத்து முதுகலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு 1908இல் வெளிவந்தது. அதைப் பாராட்டியவர் அவருடைய ஆசிரியரும் மிஷனரியுமான ஏ. ஜி. ஹாக். ஞானஸ்நானக் கணக்கில் இந்த மாணவருக்கு இடமே இல்லை. ஆயினும் தம் மரபை நோக்கி எழுந்த கேள்வியைத் தாமே ஆராய்ந்து விடைகண்ட ஓர் இளைஞரையும், தம் சமயத்துக்கு மாறான முடிவிலும் அறிவின் நேர்மையைக் கண்டு மதித்த ஓர் ஆசிரியரையும் உருவாக்கிய கல்லூரி தன் பணியில் தவறிவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்.

இத்தகைய வளர்ச்சி எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் பெர்ரி, மாணவர்களுடன் நடத்திய நீண்ட நேர்காணல்களின் அடிப்படையில் 1970இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஒன்றே உண்டு, அது ஆசிரியரிடம் இருக்கிறது என்று நம்பும் இருமை நிலையில் தொடங்கும் மாணவர், அறிஞர்களே தம்முள் மாறுபடுவதைக் கண்டு, எல்லாக் கருத்தும் சமமே எனக் கருதும் பன்மை நிலைக்கு வருகிறார். அதன்பின் கருத்துகளைச் சான்றும் சூழலும் கொண்டு எடைபோடும் சார்பு நிலையை அடைந்து, முழு உறுதி கிட்டாதபோதும் தம் பொறுப்பில் ஒரு நிலைப்பாட்டை ஏற்று வாழும் பற்றுறுதிக்கு முதிர்கிறார். குடும்பமும் சபையும் தந்த விசுவாசத்தை ஆராய்ந்து தமதாக்கிக்கொள்ளும் கட்டத்தை ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் வெளியிட்ட நூலும் விவரிக்கிறது.

இதை ஏற்றுக்கொண்டால், இரண்டாம் ஆண்டு மாணவருக்கு எழும் ஐயம் பெரும்பாலும் வளர்ச்சியின் அறிகுறி என்பது புலப்படும். 'உன் விசுவாசம் உறுதியாக இருக்கிறதா' என்று கேட்கும் வினாத்தாளோ அதே ஐயத்தைச் சரிவாகப் பதிவுசெய்யும். ஆராதனை வருகைக்கு மதிப்பெண் அளிக்கும் முறை இதைவிடக் கேடானது; அது பாசாங்கைப் பழக்கிவிட்டு, அதையே பக்தி எனக் கணக்கிடுகிறது. நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் மற்றொருவர், விளையச் செய்தவர் கடவுள் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், விளைச்சலுக்கு ஊழியர் எவரும் உரிமை கொண்டாட இடம் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரின் உழைப்பும் சோதிக்கப்படும் என்பதையும் அவர் அதே பகுதியில் வற்புறுத்துகிறார். ஆதலின் மதிப்பீட்டுக்கு முதலில் உட்பட வேண்டியது கல்லூரியின் உழைப்பே ஆகும்.

கல்லூரிகளை மதிப்பிட 1994இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை மாணவர் ஆதரவையும் முன்னேற்றத்தையும் தன் ஏழு அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டு, உதவித்தொகை, வேலைவாய்ப்பு, மேற்படிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு வந்துள்ளது. இக்கணக்குகள் தேவையானவையே, ஆனால் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போதுமானவை அல்ல. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவிக்கு முதல் பருவத்திலேயே துணைநிற்க ஆள் இருந்தாரா, தலித் மாணவர் விடுதியிலும் உணவு மேசையிலும் சமமாக நடத்தப்பட்டாரா, ஐயத்தை வெளியிட்ட மாணவர் அச்சமின்றிப் பேச ஓர் ஆசிரியரோ விடுதிக் காப்பாளரோ செவிகொடுத்தாரா என்பனவெல்லாம் மாணவரின் உள்ளத்துக்குள் நுழையாமலே ஆராயத்தக்கவை. மாணவர்தம் எழுத்தும் ஆண்டுதோறும் நிகழும் உரையாடலும் வளர்ச்சியின் சான்றாகலாம், அவை மதிப்பெண்ணோடு இணைக்கப்படாமலும் இரகசியம் காக்கப்பட்டும் இருக்குமாயின். மாணவரிடம் விசுவாசப் படிவத்தை நீட்டுவதற்கு முன், கல்லூரி நிர்வாகங்கள் மேற்சொன்ன கேள்விகளுக்குத் தாமே எழுத்துமூலம் விடையளிக்க முன்வர வேண்டும்.