நடுக்கமும் நாட்டமும்

குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நான் நன்கு அறிவேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலின் பணப்பெட்டிச் சாவி 18 ஆண்டுகள் அவர் இடுப்பிலே இருந்தது. ஒரு வெள்ளிக்குக் கற்பூரம் வாங்கினாலும் அதற்குச் சீட்டு வைத்திருப்பார்; சீட்டில்லாத செலவைத் தம் கையிலிருந்தே ஈடு செய்வார். அவர் எழுதிய கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் எவரும் திருப்பிப் பார்த்ததில்லை.

63ஆம் வயதில் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. நடுக்குவாதம் என்றார் மருத்துவர். பார்க்கின்சன் நோய் என்று பலரும் அறிந்தது அதுவே. மாத்திரைகள் கொடுத்தார். கை அடங்கியது; நடை சீர்ப்பட்டது; வீட்டார் மகிழ்ந்தனர். மூன்றாம் ஆண்டில், திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், கோயில் கணக்கில் 11,400 வெள்ளி குறைவது தெரியவந்தது. அவ்வளவும் நான்கு இலக்கக் குலுக்குச் சீட்டுக் கடைகளுக்குப் போயிருந்தது. அது போதாமல் ஆலோங்கிடம் கடன் வேறு. வாகன எண், வீட்டு எண், இறந்தவர்களின் அடையாள அட்டை எண் என்று எதைக் கண்டாலும் எழுதிக்கொண்டு போய்க் கட்டியிருக்கிறார். அந்தச் சீட்டுகளை வாங்கிய கை சற்றும் நடுங்கவில்லை.

ஊர் இரண்டு பட்டது. முதுமையில் புத்தி கெட்டது என்றனர் சிலர். இத்தனை ஆண்டும் நடித்தார் என்றனர் வேறு சிலர். அவருடைய பேத்திதான் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பொறுமையாகப் படித்தவள். அதில் பக்க விளைவுகளின் வரிசையில், குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் பிறகு, அடக்க முடியாத சூதாட்ட நாட்டம் என்று அச்சிட்டிருந்தது. இதைப் பற்றி முன்கூட்டி ஒருவரும் அவ்வீட்டாரிடம் வாய்திறந்து சொன்னதில்லை.

ஒரு மனிதனின் ஒழுக்கம் ஒரு மாத்திரையால் அழியக்கூடுமானால், அது அவனுடைய ஒழுக்கமாக எப்போதேனும் இருந்ததா? அன்றுமுதல் என்னை விடாமல் வருத்திய வினா இது. இதற்கு விடை தேடப் புகுமுன், மூளைக்குள் நடப்பது என்ன என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

இலண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் 1817இல் ஆறு பேரை வைத்து இந்நோயை விவரித்து எழுதினார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. நடுமூளையிலே கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு; அங்குள்ள அணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரந்து உள்மூளைக்கு அனுப்புகின்றன. அவ்வணுக்கள் பெரும்பங்கு மடிந்த பிறகே கை நடுங்குகிறது, கால் தயங்குகிறது. சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு மருந்து கொடுத்து அசைவற்றுக் கிடக்கச் செய்து, பிறகு லெவோடோபாவைச் செலுத்தி மீண்டும் எழுந்து நடக்கச் செய்தார். அத்துறையில் செய்த பணிக்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். லெவோடோபா மூளைக்குட் சென்று டோபமினாக மாறும் பொருள்.

இதில் நம்மவர்க்குரிய பங்கு ஒன்றுண்டு. அதை நம் நூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. சுணையால் உடலை அரிக்கச் செய்யும் பூனைக்காலியின் விதையிலிருந்து அந்த லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டவர்கள், சென்னையில் ஆய்வு செய்துவந்த தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அப்பொருள் மூளையில் என்ன செய்யும் என்பது அன்று உலகில் எவருக்கும் தெரியாது. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடி இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் மூடுபயிராகப் படர்ந்து கிடக்கிறது. நம் பெரியவரே ஆள் விட்டு அதை நடச் செய்திருக்கிறார்.

அவர் உண்டது லெவோடோபா மட்டுமன்று. டோபமினைப் போல் நடிக்கும் செயற்கை மருந்தும் உடன் இருந்தது. வினை அங்கேதான் விளைந்தது. ஒரே வாய்க்காலில் இரண்டு வயல்கள் பாய்கின்றன என்று கொள்வோம். மேட்டு வயல் காய்ந்து வெடித்துவிட்டது. பள்ளத்து வயலில் ஈரம் இன்னும் குறையவில்லை. மேட்டு வயலைக் காப்பாற்ற மடையை அகலத் திறக்கிறோம். மேட்டுப் பயிர் தலை நிமிர்கிறது. பள்ளத்துப் பயிர் மூழ்குகிறது. உடலசைவை ஆளும் நரம்புப் பாதை இந்நோயில் முதலில் வறள்கிறது. ஆசையையும் எதிர்பார்ப்பையும் ஆளும் பாதை பெரும்பாலும் பிந்தியே வறள்கிறது. மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

அந்த இரண்டாம் பாதையின் இயல்பை வோல்ஃபிராம் ஷூல்ட்ஸ் என்னும் ஆய்வாளர் குரங்குகளை வைத்து 1990களில் விளக்கினார். எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வந்தால் டோபமின் அணுக்கள் பொங்குவதில்லை. எதிர்பாராதது வந்தால் பொங்குகின்றன. மாதச் சம்பளம் நமக்குச் சிலிர்ப்பைத் தருவதில்லை, வழியில் கண்டெடுத்த பத்து வெள்ளி தருகிறது அன்றோ! குலுக்குச் சீட்டுக் கடைக்காரர் எவரும் ஷூல்ட்ஸின் கட்டுரையைப் படித்தவரல்லர். ஆனால் அவர்கள் வாணிகம் முழுதும் அந்த அணுக்களை நம்பியே நடக்கிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 13.6 விழுக்காட்டினர்க்குச் சூது, அளவிறந்த காமம், பொருள் வாங்கும் வெறி, உண்ணும் வெறி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்ததைக் காட்டிற்று. டோபமினைப் போல் நடிக்கும் மருந்தை உண்டவர்களிடம் அது 17.1 விழுக்காடு; உண்ணாதவர்களிடம் 6.9. (இதைப் படித்து அஞ்சி ஒருவரும் தம் மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது, திடீரென நிறுத்துவது வேறு துன்பங்களைக் கொண்டுவரும். மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.)

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர்; அவர்கள் வைத்த பெயர் வேறு. நளவெண்பாவின் ஒரு காண்டத்துக்குக் கலிதொடர் காண்டம் என்றும், அடுத்ததற்குக் கலிநீங்கு காண்டம் என்றும் பெயர். கால் கழுவும்போது நேர்ந்த ஒரு சிறு குறை வழியே கலி நளனுக்குள் புகுந்தான். நல்லாட்சி செய்த மன்னன் சூதில் நாடிழந்தான். ஆடியது நளனா, கலியா? புலவர் கலியைக் காட்டுகிறார்; ஆயினும் காட்டில் நடந்த கால்கள் நளனுடையவை. கலி செய்த தவறு என்று சொல்லி இழந்த நாட்டைப் புட்கரன் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. இக்கதையைச் சிறுவயதிற் கேட்டபோது இது எனக்குப் பெரும் அநீதியாகப் பட்டது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவுக்கென 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, அதே எண்ணுடன் மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் இருக்கிறது. மனம் பேதலித்த நிலையில், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ சட்டத்துக்கு மாறானதென்றோ அறிய இயலாதவன் செய்தது குற்றமாகாது என்பது அதன் கருத்து. அவ்வாறு விடுவிக்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. ஆட்சியாளரின் ஆணைக்குக் காத்து மனநல மருத்துவமனையிலே இருப்பர். ஜொகூர் மக்களுக்கு அது தம்பொய். அங்குள்ள பெர்மாய் மருத்துவமனையும், சென்னையில் பூனைக்காலி ஆய்வு வெளியான அதே 1937இல் தொடங்கியதுதான். இன்றும் நம்மவர் சண்டையில் ஒருவரையொருவர் இழித்துரைக்க அவ்வூர்ப் பெயரைப் பயன்படுத்துவது வெட்கத்துக்குரியது. கோயிற் கூட்டத்திலும் ஒரு குரல் அப்படித்தான் எழுந்தது.

ஆனால் நம் பெரியவர்க்கு 84ஆம் பிரிவு உதவாது. அவருக்கு எல்லாம் தெரியும். கோயில் பணம் என்று தெரியும். தவறு என்று தெரியும். எடுத்த தொகையைத் தேதியோடு ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தார்! சைவ சித்தாந்தம் இச்சை, ஞானம், கிரியை என மூன்றைப் பிரித்துக் கூறும். சட்டம் ஞானத்தையே வினவுகிறது. இந்நோயின் மருந்தோ ஞானத்தைத் தொடாமல் இச்சையைப் பற்றிக்கொள்கிறது. அறிந்தவன் அடங்குவான் என்னும் நம்பிக்கையின்மேல் கட்டிய வீட்டில், அறிந்தும் அடங்க இயலாதவனுக்கு அறை இல்லை. பிரான்சிலே ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் இத்தகைய நோயாளி ஒருவருக்கு, மருந்தை விற்ற நிறுவனம் இரண்டு இலட்சம் யூரோவுக்குச் சற்றுக் குறைவான இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்த்தது. அதாவது, பொறுப்பை மனிதனிடமிருந்து எடுத்துப் பெருமளவு மருந்தின் கணக்கில் வைத்தது.

கோயிற் கூட்டத்தாரும் ஏறத்தாழ அந்த முடிவுக்கே வந்தனர். பேத்தி கொண்டுவந்த தாளையும் மருத்துவர் தந்த கடிதத்தையும் படித்தபின், போலீசுக்குப் போக வேண்டும் என்று குதித்தவர்களும் அமைதியாயினர். தலைவர் எழுந்து, “ஐயா, நீங்கள் எடுக்கவில்லை, மருந்து எடுத்தது. இதை இத்தோடு விட்டுவிடுவோம்” என்றார். நல்ல மனத்தோடு சொன்ன சொல். எல்லாரும் தலையசைத்தோம்.

பெரியவர் மட்டும் தலையசைக்கவில்லை. “தம்பி, அப்படிச் சொல்லாதீர்கள். மருந்து எடுத்தது என்றால் 18 வருசம் கணக்கு வைத்தது யார்? அதையும் ஏதோ ஒன்றின் தலையில் கட்டிவிடுவீர்களா? சின்ன வயதில் சம்பள நாளன்று லயத்துக்குப் பின்னால் மூன்று சீட்டு ஆடியவன் நான். கலியாணத்துக்குப் பிறகு விட்டேன். மருந்து வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. உள்ளே கிடந்ததைத்தான் தட்டி எழுப்பியிருக்கிறது” என்றார்.

அவர் அறியாமலே ஆய்வாளர் சொல்வதன் அருகில் வந்துவிட்டார். மேலே சொன்ன ஆய்விலும், குடும்பத்தில் சூதாட்டச் சிக்கல் உடையவர்களிடமே இத்தகைய வெறிகள் மிகுதியாகத் தோன்றின. விதை இல்லாத நிலத்தில் வெள்ளம் பாய்ந்தாலும் களை முளைப்பதில்லை. ஆனால் விதை யாரிடம்தான் இல்லை? மருந்து உண்ணாத காரணத்தால் நல்லவர்களாக உலவுகின்ற நம்மைக் குறித்து எனக்கு அன்று ஐயம் பிறந்தது.

அதைவிடப் பெரிய ஐயமும் ஒன்று. நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்நோய் மூளையில் தொடங்கிவிடுகிறது. அக்காலத்தில் புதுமையை நாடாத, கட்டுச்செட்டான, மிக எச்சரிக்கையான குணம் படிவதுண்டு என்று சில ஆய்வாளர் கருதுவர். வேறு சிலர் மறுப்பர். உண்மையாயின், கற்பூரத்துக்கும் சீட்டு வைத்த அந்தப் பிற்காலப் பழக்கத்திலும் டோபமின் குறைவுக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம். இதை நான் பெரியவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் எனக்கே ஒன்று தெளிவாயிற்று. பழித்தல் வேறு, பொறுப்பேற்றல் வேறு. மூளையைப் பற்றி நாம் அறிய அறிய, பிறரைப் பழிக்கும் நம் உரிமை சுருங்கிக்கொண்டே போகிறது, அது சுருங்கட்டும். கை நடுங்கும்போது இரங்கிய நாம், அதே மூளையில் அதே பொருள் மிகுந்து நாட்டம் கட்டவிழும்போது காறி உமிழ்வதில் நியாயம் இல்லை. எனினும், “நான்தான் செய்தேன்” என்று ஒருவர் சொல்ல முன்வரும்போது, “இல்லை, நீங்கள் செய்யவில்லை” என்று அவர் வாயை அடைப்பது இரக்கம் ஆகாது. அவ்வாறு அடைத்தால், அவரைச் செயல் செய்யும் மனிதர் வரிசையிலிருந்து எடுத்து, வாய்க்காலும் மடையும் ஆகிய பொருள்களின் வரிசையில் வைத்துவிடுகிறோம். திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. அவற்றுள் ஒன்றை நீக்கி மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மூளை ஆய்வாளரிலும் உண்டு, கோயிற் கூட்டத்திலும் உண்டு.

மருத்துவர் அந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். சில வாரங்களில் எண் எழுதும் நாட்டம் விலகிற்று. ஒரு காலையில் கடையைக் கடந்து போனபோது அங்கே கடை இருப்பதே நினைவுக்கு வரவில்லை என்றார். நடுக்கம் ஓரளவு திரும்பி வந்தது.

அவர் மாதந்தோறும் 200 வெள்ளி கோயிலுக்குக் கட்டி வருகிறார். முதல் மாதம் அத்தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புதிய பொருளாளர் திகைத்தார். நன்கொடை என்று எழுதிவிடலாம் என்றார் தலைவர். பெரியவர் ஏட்டை வாங்கி, தாமே ‘எடுத்த பணம், திருப்பம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். கை நடுங்கியதால் எழுத்துகள் கோணலாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. தணிக்கையாளர் கேட்டால் என்ன செய்வது என்று பொருளாளர் அதன் பக்கத்தில் பென்சிலால் தெளிவாக மறுபடியும் எழுதி வைத்திருக்கிறார்.