கடைசி இடத்துக்கும் ஒரு கடமை

34 ஆட்டம். 31 தோல்வி. ஜெயித்தது மூன்றே மூன்று.

டபிள்யூ.என்.பி.ஏ. என்கிற அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகில் 2011-ல் துல்சா ஷாக் அணி வாங்கிய மார்க் இது. ஏதோ சோப்ளாங்கி டீம் என்று நினைத்துவிடாதீர்கள். டெட்ராய்ட் நகரில் இருந்தபோது 2003, 2006, 2008 என்று மூன்று முறை சாம்பியன். 2010-ல் அணியை ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சாவுக்கு மாற்றினார்கள். பெயர் கூடவே வந்தது. முன்னணி வீராங்கனைகள் வரவில்லை. முதல் வருஷமே 28 தோல்வி. அடுத்த வருஷம் அதைவிட மோசம். 11 ஆட்டத்தில் பத்து போனதும் பயிற்சியாளர் நோலன் ரிச்சர்ட்சன் ராஜினாமா செய்தார். தோல்வி ராஜினாமா செய்யவில்லை. தொடர்ந்து 20 ஆட்டம் தோற்றார்கள். அன்றைக்கு அது லீக் ரிக்கார்டு.

என் கேள்வி இதுதான். பதினைந்து ஆட்டம் வரிசையாகத் தோற்ற பிறகு, பதினாறாவதுக்கு எதற்காக வியர்வை சிந்த வேண்டும்?

பி.காம். படித்தவனைக் கேட்டால், 'போனது போகட்டும், மேலே செலவு செய்யாதே' என்பான். அதோடு இன்னொரு சமாச்சாரமும் உண்டு. கல்லூரி முடித்து வரும் புது வீராங்கனைகளை யார் முதலில் எடுப்பது என்று அங்கே குலுக்கல் நடக்கும். அதில் மட்டமாக ஆடிய அணிக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆக, தோற்றால் லாபம்! புத்திசாலி என்ன செய்வான்? முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு சீசனை ஓட்டிவிடுவான்.

கீதையைக் காட்டி இதற்குப் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் பலனை எதிர்பாராமல் உழைப்பதெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குச் சாத்தியம்? சம்பளம் இரண்டு நாள் தள்ளிப் போனாலே முகம் மாறிவிடுகிறது. கொஞ்சம் லௌகீகமாகவே யோசிப்போம்.

அந்த புத்திசாலியின் கணக்கில் ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது. மற்றவர்கள். அந்த வருஷம் துல்சா இருந்த பிரிவில் முதல் நான்கு அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. கடைசி டீம் இன்றைக்கு ஒருத்தரிடம் ஏனோதானோவென்று தோற்று, நாளைக்கு இன்னொருத்தரிடம் உயிரைக் கொடுத்து ஆடினால் என்ன ஆகும்? நாலாவது இடம் திறமைக்குப் போகாது, அதிர்ஷ்டத்துக்குப் போகும். எதிராளி நிஜமாகவே முட்டி மோதினால்தான் ஜெயித்தவருக்கு மரியாதை. எதிர்க்க ஆளில்லாமல் வந்தால் அதற்குப் 'போட்டியின்றித் தேர்வு' என்றுதான் பெயர்.

'அடுத்தவன் மரியாதைக்கு நான் ஏன் உழைக்கணும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் துல்சாவின் அந்த மூன்று வெற்றிக்கு மரியாதை எங்கிருந்து வந்தது? எதிரே நின்றவர்கள் விட்டுக்கொடுக்காததால் வந்தது. வாங்கினால் கொடுக்கவும் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அணியில் ஷெரில் ஸ்வூப்ஸ் இருந்தார். வயது 40. மூன்று ஒலிம்பிக் தங்கம். ஹூஸ்டன் காமெட்ஸ் அணியோடு 1997 முதல் 2000 வரை தொடர்ந்து நான்கு சாம்பியன் பட்டம். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லாத மனுஷி. ஆகஸ்ட் 26, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸுடன் ஆட்டம். முடிய மூன்று நொடிகூட இல்லாதபோது அவர் எறிந்த பந்து உள்ளே விழுந்தது. 77-75. இருபது தோல்வி அங்கே நின்றது.

சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள். நிஜத்தில் கடைசி இடம் கடைசி இடமாகவே இருந்தது. சரி, குலுக்கலிலாவது அதிர்ஷ்டம் அடித்ததா? அதுவும் இல்லை. லீகிலேயே மோசமான ரிக்கார்டு வைத்திருந்தும் 2012 தேர்வில் துல்சாவுக்குக் கிடைத்தது நாலாவது இடம். லாபத்துக்காகத் தோற்றிருந்தால், அந்த லாபமும் வந்திருக்காது.

துல்சா எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்கிறீர்களா? உங்கள் ஆபீஸில் ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருப்பவரைக் கவனியுங்கள். இன்கிரிமென்ட் கிடையாது, பிரமோஷன் கிடையாது, மேனேஜருக்குப் பயப்படவும் வேண்டாம். அந்தக் கடைசி முப்பது நாளில் அவர் ஃபைலை எப்படி முடித்து வைக்கிறார்? அவருடைய நாற்காலியில் அடுத்து உட்காரப் போகிறவருக்குத்தான் அது தெரியும்.