பொது நன்மை யாருடையது?

துறைமுகக் கரையைத் திருத்தி நகரம் எழுப்புவது தவறா? தவறன்று. வணிகம் வளர்ந்தால் பலருக்கு வேலை கிடைக்கும்; காற்று வாங்க மக்களுக்கு ஓரிடமும் கிடைக்கும். 1859இல் கொழும்புக் காலிமுகத்திடலை அமைத்த தேசாதிபதி ஹென்றி வார்ட், பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காக அதனைப் பேணும்படி தமக்குப் பின்வருவோரைக் கல்லிலே பொறித்துக் கேட்டுக்கொண்டார்.

அத்திடலின் அருகே 2014இல் துறைமுக நகர் வேலை தொடங்கியது. 2019 தொடக்கத்துக்குள் கடலில் மணல் நிரப்பி 269 ஹெக்டயர் நிலம் உண்டாக்கப்பட்டது. வணிக மாடிகளுக்கும் பூங்காக்களுக்கும் அங்கே இடம் வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் மணல் அகழப்பட்டதோ நீர்கொழும்புப் பக்கத்துக் கடலடியில். மீன் குன்றும், கரை அரிக்கும் என்று அஞ்சிய கடற்றொழிலாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

‘பொது நன்மை’ என்ற சொல்லை நாம் சோதித்தறிய வேண்டிய இடம் இதுவே. நன்மை ஓரிடத்தில், இழப்பு இன்னோரிடத்தில் என்றால் அது எவ்விதம் பொதுவாகும்? கொழும்பில் திறக்கும் பூங்கா, வெறும் வலையோடு கரைக்குத் திரும்புபவனுக்கு ஈடாகாது. இழந்தவனுக்குக் கொடுப்பது தருமமன்று, கடன். வேலை தொடங்குமுன் அவனைக் கேட்பதும் அக்கடனில் ஒரு பங்கே. அவனைக் கேளாமல் எழும் நகரம் எத்துணை அழகாயினும் நீதியில் குறைந்ததே.