புருஷனும் மனைவியுமாய் ஒரு ஊழியம்



கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஒன்றாய் அப்பொல்லோவுக்கு உபதேசித்தார்கள் (அப்போஸ்தலர் 18). இந்நாட்களிலும் சில தம்பதிகள் இரண்டு மூன்று வாரம் வெளிநாடு போய், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஊழியம் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கற்றுக்கொடுக்கப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டாமா?

மைரன் வின்ஸ்லோ ஐயாவும் ஹேரியட் அம்மாவும் 1819-ல் அமெரிக்காவில் கப்பலேறி, யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு வந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து தமிழ் படித்தார்கள். பெண்பிள்ளைகளைப் படிக்கவைக்க ஜனங்கள் தயங்கிய அந்தக் காலத்தில், 1824-ல் அம்மா அவர்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். 1833-ல் உடுவிலிலேயே மரித்தார். ஐயா சோர்ந்துபோகவில்லை, அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி 1862-ல் சென்னையில் வெளிவந்தது. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது!

தேவபிள்ளையே, பாஸ்போர்ட் இல்லையே என்கிறாயா? நம்ம ஒரகடம் கம்பெனிகளுக்கு ஒடிசா, பீகார் பிள்ளைகள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! புருஷனும் மனைவியுமாய் ஒருவனைக் கூப்பிட்டு சாப்பாடு போடுங்கள். நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுங்கள்; அவன் பாஷையில் நாலு வார்த்தை கேட்டுப் படியுங்கள். பிறகு அவன் பேரைச் சொல்லி ஜெபியுங்கள். கர்த்தர் வாசலைத் திறப்பார். ஆமென்.