மூடினாலும் சம்மதம்

2016ஆம் ஆண்டு மே மாதம். விண்டோஸ் 7, 8.1 கணினிகளின் திரையில் ஒரு பெட்டி முளைத்தது. விண்டோஸ் 10க்கு மாற உங்கள் கணினிக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றது. பெட்டியின் வலது மூலையில் வழக்கமான பெருக்கல் குறி. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே அந்தக் குறிக்கு ஒரே பொருள்தான்: வேண்டாம், போ. அந்த மே மாதத்தில் மட்டும் பொருள் மாறியது. குறியை அழுத்திப் பெட்டியை மூடியவர்கள், குறித்த நாளை ஏற்றுக்கொண்டவர்களாகக் கணக்கில் சேர்ந்தார்கள். நேரம் வந்ததும் கணினி தானாக மாறத் தொடங்கியது. மௌனம் சம்மதம் என்பார்கள். இங்கே மௌனம்கூட இல்லை. கதவை இழுத்துச் சாத்தியதே சம்மதமாயிற்று.

இதற்கான ஏற்பாடு ஓராண்டாகவே நடந்துவந்தது. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானபோது, பழைய பதிப்பு வைத்திருப்போர் ஓராண்டுக்குள் மாறினால் அது இலவசம். அதை அறிவிப்பதற்கென்றே ஒரு சிறு மென்பொருள் கேபி3035583 என்ற எண்ணோடு, வழக்கமான திருத்தங்களில் ஒன்றைப் போலக் கணினிகளுக்குள் வந்து உட்கார்ந்தது. கேட்காதவர்களின் வன்தட்டிலும் சில ஜிபி கோப்புகள் முன்கூட்டியே இறங்கிக் காத்திருந்தன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நூறு கோடிக் கருவிகள் என்பது மைக்ரோசாஃப்ட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கு. அதை எட்ட 2020 மார்ச் வரை ஆனது. கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் பயண முகவர் தொழில் நடத்திய பெண்மணி ஒருவர், தாம் கேட்காமலே நடந்த மாற்றத்தால் அலுவலகக் கணினி முடங்கியது என்று நீதிமன்றம் போய் 10,000 டாலர் வாங்கினார். ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநில நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2016 டிசம்பரில் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கப்பொசெலா, பெருக்கல் குறி விவகாரத்தில் எல்லை மீறிவிட்டதை ஒப்புக்கொண்டார். அதற்குள் இலவசக் காலம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இந்தக் கூத்தை அதிகாரத் திமிர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் இதற்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவர் ஒன்றுக்குச் சம்மதித்தார் என்று எப்போது சொல்ல முடியும்? ‘இப்போது’, ‘இன்றிரவு’ என்ற இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்தியவர் எதையாவது தேர்ந்தெடுத்தாரா?

கேள்வி அதிகம் உறுத்துவது வீட்டு ஸ்டுடியோக்களில். படுக்கையறை மூலையில் ஒரு கணினி, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், கீபோர்டு, ஹெட்ஃபோன்: இவ்வளவுதான் பலருடைய ஒலிப்பதிவுக்கூடம். பெரிய ஸ்டுடியோவில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார். இங்கே பாடுபவரே பொறியாளர், பொறியாளரே மெக்கானிக். கடிதம் தட்டச்சு செய்பவருக்குக் கணினி அரை நொடி திணறினால் தெரியாது. பாட்டுப் பதிபவருக்கு உடனே தெரிந்துவிடும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில், 128 மாதிரிகளை ஒரு கட்டாக வைத்து வேலை செய்தால், அடுத்த கட்டைத் தயார்செய்யக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 2.7 மில்லிநொடி. நொடியில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் வேலை முடியாவிட்டால் ஹெட்ஃபோனில் ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு கேட்கும். எடுத்த டேக் வீண். பின்னணியில் ஓடும் ஒரு புதிய சேவை, இன்டர்ஃபேஸோடு ஒத்துப்போகாத ஒரு டிரைவர், ஏதாவது ஒன்று போதும். அதனால்தான் இவர்கள் கணினியை மாதக்கணக்கில் தட்டிக்கொட்டி, ஒரு நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியதும் அதற்கு மேல் கை வைக்க மாட்டார்கள். ஓடுகிறதா, விட்டுவிடு. அவ்வளவுதான் அவர்களது வேதம்.

தத்துவவாதி மார்ட்டின் ஹைடெகர் 1927இல் வெளியிட்ட ‘இருப்பும் காலமும்’ நூலில் ஒரு சுத்தியல் வருகிறது. ஆணி அடித்துக்கொண்டிருக்கும் தச்சனின் கவனத்தில் சுத்தியல் இருப்பதில்லை, வேலைதான் இருக்கிறது. பிடி கழன்றாலோ, தலை உடைந்தாலோதான் சுத்தியல் என்ற பொருள் கண்ணில் படுகிறது. கருவிகளைப் பற்றிய இந்தக் கவனிப்பைத் தவிர்க்க முடியவில்லை. நல்ல கருவி கையில் மறைந்துபோகிறது. ஆனால் உடையாமலே தன்னைப் பார்க்கச் சொல்லும் கருவியை ஹைடெகர் யோசித்திருக்க மாட்டார். நன்றாக அடிக்கிற சுத்தியல், பாதி ஆணியில் வேலையை நிறுத்திவிட்டு, “எனக்குப் புதிய பிடி வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டால் என்ன செய்வது? அது யாருடைய சுத்தியல்?

சட்டப்படி பார்த்தால் பதில் எளிது: சுத்தியலின் மரப்பிடி உங்களுடையது, மற்றதெல்லாம் உரிமம். இயங்குதளத்தை யாரும் வாங்குவதில்லை, பயன்படுத்த அனுமதி பெறுகிறார்கள். அந்த அனுமதியின் நீண்ட வாசகத்தில் மாற்றங்களுக்கும் சேர்த்தே ‘ஏற்கிறேன்’ என்று முதல் நாளே அழுத்தியாகிவிட்டது. நிறுவனங்களின் வாதமும் இதுதான்: நீங்கள் சம்மதித்தீர்கள், இப்போதும் பயன்படுத்துகிறீர்கள், ஆகவே சம்மதம் தொடர்கிறது.

இந்த வாதம் கணினியைவிட இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. 1689இல் வெளியான ‘அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்’ நூலில் ஜான் லாக் இதையே நாட்டின் விஷயத்தில் சொன்னார். ஒரு நாட்டின் எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவர் மட்டுமல்ல, அதன் பொதுச்சாலையில் நடந்துபோகிறவர்கூட அந்த அரசுக்கு வாய்திறவாச் சம்மதம் தந்தவர்தான் என்றார். 1748இல் டேவிட் ஹியூம் இதற்கு எழுதிய மறுப்பு இன்னும் கூர்மை மழுங்காமல் இருக்கிறது. தூக்கத்தில் ஒருவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிடுகிறார்கள். கண் விழிக்கும்போது நடுக்கடல். அவன் கப்பலிலேயே இருப்பதால் கப்பல் தலைவனின் அதிகாரத்தை மனமார ஏற்றுக்கொண்டான் என்று சொல்வீர்களா? மறுக்க வேண்டுமானால் கடலில் குதித்துச் சாக வேண்டுமே! பக்கத்திலேயே ஹியூம் இன்னொருவரையும் நிறுத்துகிறார்: அன்றாடக் கூலியில் பிழைக்கும் ஏழைக் குடியானவன். வேற்று மொழி தெரியாது, வேற்றூர் வழக்கம் தெரியாது. பிடிக்காவிட்டால் நாட்டை விட்டுப் போகலாமே என்று அவனிடம் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

வீட்டு ஸ்டுடியோக்காரர் பெரும்பாலும் இந்தக் குடியானவன்தான். பத்து ஆண்டுகளாக ஒரே ஒலிப்பதிவு மென்பொருளில் பழகிய கை. ஒவ்வொரு பிளகினும் (அந்த மென்பொருளில் செருகும் சிறு கருவி) தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கியது. வேறு இயங்குதளத்துக்குப் போகலாம், லினக்ஸ் இருக்கிறது, அது உத்தரவில்லாமல் தன்னை மாற்றிக்கொள்வது குறைவு. ஆனால் அவர் வாங்கி வைத்த பிளகின்களில் பல அங்கே ஓடாது.

மாற்றம் எதைப் பறிக்கிறது என்பது 2019 அக்டோபர் 7 அன்று ஆப்பிள் மேக் கணினிகளுக்குக் ‘கட்டலினா’ வந்தபோது தெரிந்தது. 32 பிட் மென்பொருள்கள் அதில் ஓடாது. ஆப்பிள் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தது. தொழில்நுட்ப நியாயமும் இருந்தது. ஆனால் பழைய பிளகின்களில் பல 32 பிட்டில் நின்றுபோனவை. சிலவற்றை எழுதிய நிறுவனங்களே இல்லை. இங்கே வெளியார் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரு பாட்டின் புராஜெக்ட் ஃபைல் என்பது முடிந்த ஒலிப்பதிவு அல்ல. அது ஒரு சமையல் குறிப்பு. இந்த இடத்தில் இந்தச் சின்தசைசர், இந்தக் குரலுக்கு இந்த எதிரொலி என்று எழுதி வைத்த குறிப்பு. அந்தச் சின்தசைசர் இல்லாமல் போனால், குறிப்பு இருக்கும், பாட்டு முன்போல் ஒலிக்காது. எட்டு வருடத்துக்கு முன் பாதியில் விட்ட மெட்டு ‘பிளகின் காணவில்லை’ என்ற வரியாக நிற்கும். ஓவியனின் பழைய கித்தானில் நீல நிறத்தை மட்டும் யாரோ வந்து சுரண்டிக்கொண்டு போவதில்லை. இங்கே அது நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய மேக் பதிப்பு வரும் செப்டம்பர், அக்டோபரில் ஒலி மென்பொருள் நிறுவனங்களே தங்கள் வாடிக்கையாளர்களுக்கு ‘தயவுசெய்து இப்போதைக்கு மாற வேண்டாம்’ என்று மடல் அனுப்புவது ஒரு வருடாந்தரச் சடங்காகிவிட்டது. இயங்குதளம் ‘மாறு’ என்கிறது. அதன் மேல் ஓடும் மென்பொருள் ‘மாறாதே’ என்கிறது. நடுவில் பாடகர்.

பட்டிமன்ற மேடைகளில் அடிக்கடி உருளும் நன்னூல் விதி ஒன்றை யாராவது இங்கே எடுத்து வீசக்கூடும். அதை எழுதிய பவணந்தி முனிவர் பழையது போவதையும் புதியது வருவதையும் குற்றமில்லை என்று அனுமதித்தாரே தவிர, இத்தனை தேதிக்குள் பழையதை ஒழித்தாக வேண்டும் என்று கெடு விதிக்கவில்லை.

ஆனால் மறுப்பவர் பக்கமும் எல்லாம் தூய்மை என்று சொல்லிவிட முடியாது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக ‘வான்னாக்ரை’ என்ற மிரட்டல் மென்பொருள் புகுந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். ‘என் கணினி, என் இஷ்டம்’ என்ற வாதம் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. 1859இல் ஜான் ஸ்டுவர்ட் மில் தனிமனித சுதந்திரத்துக்குப் போட்ட வேலி, பிறருக்குத் தீங்கு என்ற இடத்தில்தான் இருக்கிறது. இணையத்தில் இணைந்த கணினி தனிமனித விவகாரம் அல்ல. அதன் நோய் பக்கத்து வீட்டுக்கும் பரவும்.

அப்படியானால் திணிப்பவர்கள் சொல்வது சரியா? பாதி சரி, அந்தப் பாதியை வைத்து மீதியையும் விற்றார்கள். ஓட்டையை அடைக்கும் திருத்தம் வேறு, முழு இயங்குதளத்தையும் மாற்றுவது வேறு. முதலாவதை ஏற்கும் கடமை எல்லோருக்கும் உண்டு என்று வாதிடலாம். இரண்டாவதில் அப்படி ஒரு கடமை எங்கிருந்தும் வருவதில்லை, அது வியாபாரம். 2015-16இல் நடந்த உண்மையான கேடு, விளம்பரத்தைத் திருத்தம் என்ற உறைக்குள் போட்டு அனுப்பியதுதான். அதைக் கண்டு எரிச்சலடைந்தவர்கள் பலர் திருத்தங்கள் வரும் வழியையே மொத்தமாக அடைத்தார்கள். கோயில் உண்டியலில் கை வைப்பவன் காசை மட்டும் எடுப்பதில்லை, அடுத்த பக்தன் போட நினைத்த காசையும் சேர்த்துத்தான் எடுக்கிறான். ஆப்பிள் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாகரிகம்: முந்தைய இரண்டு பதிப்புகளில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பொதுவாகத் தருகிறது. விண்டோஸ் 10 ஹோம் பதிப்பிலோ 2019 மே வரை தள்ளிப்போடும் வசதியே இருக்கவில்லை. பிறகு ஏழேழு நாளாக, அதிகபட்சம் 35 நாள் என்று கொடுத்தார்கள். ‘வேண்டாம்’ இல்லை, ‘பிறகு’ மட்டும்.

இதிலிருந்து தப்ப ஸ்டுடியோக்காரர்கள் கண்டுபிடித்த வழி சந்நியாசம். கணினியின் இணையத் தொடர்பை அறுத்து, மின்னஞ்சலுக்கு வேறு இயந்திரம் வைத்துக்கொள்வது. அதற்குக் கௌரவமான முன்னோடிகள் உண்டு. இசைக்கருவிகளை இணைக்கும் மிடி துளைகளோடு 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினி, தயாரிப்பு நின்று பல ஆண்டு கழித்தும் ஸ்டுடியோக்களில் ஓடியது. இசைக்கலைஞர் ஃபேட்பாய் ஸ்லிம் 1998இல் உலகெங்கும் ஒலித்த தன் ஆல்பத்தை அதில்தான் கோத்தார். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இணையமே இல்லாத டாஸ் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0இல் நாவல் எழுதுவதாக 2014இல் தொலைக்காட்சியில் சொன்னபோது அரங்கம் சிரித்தது. இணையத்தில் இல்லாத கணினி பிறருக்கு நோய் பரப்பாது என்பதால், மில்லின் வேலியையும் இவர்கள் தாண்டவில்லை. ஆனால் இந்தத் துறவுக்கும் இப்போது அனுமதிச் சீட்டு வேண்டும். சந்தா முறையில் வாங்கிய மென்பொருள் குறிப்பிட்ட இடைவெளியில் தன் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டு ‘இவர் காசு கட்டியவர்தான்’ என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்காகக் கேபிளைச் செருகிய சில நிமிடத்தில், மாதக்கணக்கில் காத்திருந்த அப்டேட்களும் வரிசையில் வந்து நிற்கும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. இம்முறை நாடகம் தலைகீழ். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2016இல் வாங்கிய, இன்றும் நாற்பது டிராக்கைச் சளைக்காமல் மிக்ஸ் செய்கிற கணினிக்குள் அது முறைப்படி நுழையாது. அன்று வேண்டாம் என்றவரை இழுத்தார்கள். இன்று வருகிறேன் என்பவரின் கணினியை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். இருந்த இடத்திலேயே இருக்க விரும்பும் வீட்டுப் பயனாளருக்கு ஓராண்டுப் பாதுகாப்புத் திருத்தம் 30 டாலர். காசு வேண்டாமென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகத்தில் சேமிக்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்காரர்களுக்கு மட்டும், நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்ட பிறகு, அந்த நிபந்தனை தளர்ந்தது. வீட்டுப் பயனாளர் யாராக இருந்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான்.