சலுகையா, கடன்பாக்கியா?

அமெரிக்காவில் ரிட்டயரான ராணுவ வீரர்கள் பலர், அடுப்பும் படுக்கையும் வைத்த வேனிலேயே ஊர் ஊராகப் போகிறார்கள். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனம். பக்கத்து வண்டிக்காரரும் பழைய பட்டாளத்துக்காரர் என்று தெரிந்தால் போதும், 'மாத்திரை போட்டாச்சா?' என்று கேட்க ஆள் கிடைத்துவிடும்.

அதே அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவமனை, நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்ததை ரகசியப் பட்டியல் போட்டு மறைத்தது 2014-ல் அம்பலமானது. 2018-ல் வந்த சட்டத்தின்கீழ், சாதாரண சிகிச்சைக்கு 20 நாளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் வெளி டாக்டரிடம் போகலாம், பில் அரசுக்கு.

சலுகை என்றுதான் சொல்லத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். உயிரைப் பணயம் வைத்தவருக்கு வைத்தியம் சலுகையா, கடன்பாக்கியா? பி.காம். படித்தவன் கணக்கில் அது பாக்கிதான். எந்தக் கடனும் படாத பக்கத்து வண்டிக்காரர் ராத்திரியில்கூட ஓடி வருகிறார். கடன்பட்டவர் இழுத்தடிக்கலாமா, சொல்லுங்க?