குற்ற மன்னனைத் தொடர்வதா?

இரத்தினபுரித் தோட்டமொன்றில் நாம் நடத்தும் மாணவர் வாசகர் வட்டத்துக்குப் பழைய சித்திரக்கதைகள் சில கிடைத்தன. 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் தமிழில் தந்த ஸ்பைடர் கதைகள் அவை. 1965இல் இங்கிலாந்துச் சிறுவர் இதழொன்றில் தோன்றிய ஸ்பைடர், குற்றவாளிகளுக்கெல்லாம் தானே மன்னனாக வேண்டுமெனப் புறப்பட்டவன், தற்பெருமைக்காரன். மூன்றாம் புத்தகத்தோடு நிறுத்திவிடலாம் என்றனர் மாணவர் பலர். "இவன யாருக்கு சேர் புடிக்கும்?"

பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்ற அச்சம் எமக்கில்லை. விரும்பத்தக்கோரை மட்டுமே படிப்பதென்றால் தோட்டப்புறக் கதைகளில் கங்காணிக்கு இடமேது? ஸ்பைடருக்குக் கருவிகள் செய்து கொடுப்பவர் பேராசிரியர் பெல்ஹாம். பெட்டகங்களை உடைப்பவன் ஓர்டினி. புகழோ ஒருவனுக்கே. பிறர் கொழுந்தெடுக்கவும் பால்வெட்டவும், தலைக்கு இவ்வளவென்று தலைக்காசு பெற்ற பெரிய கங்காணியைப் பற்றிப் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதனை நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எமது தயக்கம் வேறோரிடத்தில். சுப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகல் எழுதத் தொடங்கியபின், ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடும் வீரனாகிறான். ஆணவம் அப்படியே, இருவரையும் ஏவுவதும் அப்படியே. கள்வனிடம் நாம் வெறுத்த குணங்களையே காவலனிடம் போற்றச் சொல்கிறது கதை. நிறுத்துவதானால் இங்கேதான் நிறுத்தவேண்டும் என வாதிட்டோம். மாணவர் இப்போது இணங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அக்கதையை ஓர்டினியின் வாய்மொழியாக எழுதிவருவதாக இருவர் ஏற்றிருக்கின்றனர். நாமும் புத்தகங்களைக் கட்டி வைக்கவில்லை.